உருண்டையும் தராசும்: கிலோகிராமுக்கு இரு வழிகள்

93.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிலிக்கான் உருண்டை ஒன்று. அதன் விட்டத்தை அளக்கும்போது ஒரே ஒரு நானோமீட்டர் பிசகினால், அதிலிருந்து கிடைக்கும் கிலோகிராமில் 32 மைக்ரோகிராம் பிசகிவிடும். விட்டத்தில் நேரும் பிழை கன அளவில் மூன்று மடங்காக விழுகிறது. மீதி வெறும் வகுத்தல். அளவையியல் ஆய்வகங்கள் நாற்பது ஆண்டுக்கு மேல் இந்த உருண்டையோடு ஏன் மல்லுக்கட்டின என்பதற்கான காரணத்தில் பாதி இந்தச் சின்னக் கணக்குக்குள் இருக்கிறது. மறுபாதி, அதே வேலையை முற்றிலும் வேறு வழியில் செய்ய முயன்ற ஒரு தராசின் கதை. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரை. பிழைகளை எல்லாம் முடிந்தவரை மைக்ரோகிராமிலேயே சொல்கிறேன். ஒரு கிலோகிராமில் 10 மைக்ரோகிராம் என்றால் பத்து கோடியில் ஒரு பங்கு என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

1889 முதல் 2019 வரை கிலோகிராம் என்பது பாரிசுக்கு அருகே செவ்ரில் பூட்டிவைத்திருந்த ஒரு பிளாட்டினம்-இரிடியம் உருளை. உயரம் சுமார் 39 மில்லிமீட்டர், விட்டமும் அவ்வளவே. நாடுகளுக்கு அதன் நகல்கள் தரப்பட்டன. இந்தியாவுக்கு வந்த நகலின் எண் 57, புதுதில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் இருக்கிறது. 1988-க்கும் 1992-க்கும் இடையே மூன்றாம் முறையாக எல்லாவற்றையும் ஒப்பிட்டபோது, நூறாண்டில் மூலத்துக்கும் நகல்களுக்கும் இடையே 50 மைக்ரோகிராம் அளவுக்கு விலகல் சேர்ந்திருந்தது தெரிந்தது. நகல்கள் கனத்தனவா, மூலம் இளைத்ததா? கேட்கவே முடியாத கேள்வி அது. மூலம் எப்படி மாறினாலும், வரையறைப்படி அது ஒரு கிலோகிராம்தான்.

பொருளை விட்டு இயற்கை மாறிலி ஒன்றைப் பற்றிக்கொள்ள வேண்டும் என்பதில் யாருக்கும் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. எந்த வழியாகப் பற்றுவது என்பதில்தான் இருந்தது. ஒரு தரப்பு அணுக்களை எண்ணப் போனது. இன்னொரு தரப்பு எடையை மின்சாரத்தோடு நேருக்கு நேர் நிறுத்தியது.

எண்ணும் வழி

ஒரு திரையரங்கில் எத்தனை இருக்கை என்று அறிய ஒவ்வொன்றாக எண்ண வேண்டியதில்லை. இருக்கைகள் ஒரே சீராகப் போடப்பட்டிருந்தால், தரையின் பரப்பை ஓர் இருக்கை பிடிக்கும் இடத்தால் வகுத்தால் போதும். சிலிக்கான் படிகத்தில் அந்தச் சீர் அபாரமானது. 0.543 நானோமீட்டர் பக்கமுள்ள கனசதுரம் ஒவ்வொன்றிலும் 8 அணுக்கள். உருண்டையின் கன அளவை அந்தச் சிறு கனசதுரத்தின் கன அளவால் வகுத்து எட்டால் பெருக்கினால் அணுக்களின் எண்ணிக்கை வந்துவிடும்: ஒரு கிலோகிராம் உருண்டையில் சுமார் 2.15 × 10²⁵. உருண்டையின் நிறையும் ஒரு மோல் சிலிக்கானின் நிறையும் தெரிந்தால் அவகாட்ரோ மாறிலி கைக்கு வரும்.

படிகத்தின் அணு அடுக்குகளுக்கு இடைப்பட்ட தூரத்தை எக்ஸ் கதிரைக் கொண்டு அளக்க முடியும் என்பதற்கு 1965-இல் போன்ஸேயும் ஹார்ட்டும் செய்த எக்ஸ் கதிர்க் குறுக்கீட்டுமானி வழி திறந்தது. 1974-இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் டெஸ்லாட்சின் குழு இம்முறையில் அவகாட்ரோ மாறிலியை முதன்முதலில் கணித்தது. பிறகு வந்தவர்கள் எல்லாம் அதே சூத்திரத்தை வைத்துக்கொண்டு, அதன் ஒவ்வோர் உறுப்பையும் கூராக்கினார்கள். கூராகக் கூராக வேறொரு தொல்லை தலைகாட்டியது. இயற்கையில் கிடைக்கும் சிலிக்கான் ஒரே வகை அணுவால் ஆனதல்ல. நூற்றுக்கு 92 பங்கு சிலிக்கான்-28. மீதி 29-உம் 30-உம். அந்தக் கலவையின் விகிதத்தைத் துல்லியமாகச் சொல்வது கடினம். 2003-இல் இயற்கைச் சிலிக்கானிலிருந்து கிடைத்த மதிப்பு, தராசு வழியில் கிடைத்த மதிப்போடு பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் மோதியது. கிலோகிராமில் சொன்னால் 1,000 மைக்ரோகிராம். பாரிஸ் உருளையின் நூறாண்டு விலகலைப்போல் இருபது மடங்கு!

அதற்கு அவர்கள் கண்ட மருந்து, அளவையியலில் அதுவரை யாரும் கேட்டிராத ஆடம்பரம். சிலிக்கான்-28 மட்டுமே உள்ள படிகம் வேண்டும். ரஷ்யாவின் செயிண்ட் பீட்டர்ஸ்பர்கில் மையவிலக்கு இயந்திரங்களில் சிலிக்கான் டெட்ராஃப்ளோரைடு வாயுவைச் சுழற்றி ஐசோடோப்புகளைப் பிரித்தார்கள். நிஸ்னி நோவ்கோரத்தில் அதைத் தூய்மைப்படுத்தித் திண்மமாக்கினார்கள். பெர்லினில் 5 கிலோகிராம் ஒற்றைப் படிகமாக வளர்த்தார்கள். 99.995 சதவீதம் சிலிக்கான்-28. ஆஸ்திரேலியாவின் சிட்னியில் அக்கிம் லெய்ஸ்ட்னர் தலைமையில் அதிலிருந்து இரண்டு உருண்டைகள் மெருகேற்றப்பட்டன. அணுஆயுதக் காலத்தில் யுரேனியத்துக்காக வளர்ந்த நுட்பம் ஒன்று, ஓர் எடைக்கல்லுக்காக வேலை செய்த விந்தை இது.

நிறை எளிது, கன அளவு கடினம்

உருண்டையின் நிறையும் கன அளவும் சூத்திரத்தில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. ஆய்வகத்தில் அவை இரண்டும் ஒரே தரத்தவை அல்ல.

நிறையை அளப்பது பழகிய கலை. ஆனாலும் முதல் அடியிலேயே ஒரு பள்ளம் உண்டு. பிளாட்டினம்-இரிடியம் கிலோகிராமின் கன அளவு சுமார் 46.5 கன சென்டிமீட்டர். சிலிக்கான் உருண்டையின் கன அளவு 431. காற்றில் இரண்டையும் ஒப்பிட்டால், உருண்டை அதிகப்படியாக விலக்கும் காற்றின் எடை ஏறத்தாழ 460 மில்லிகிராம். 460 மைக்ரோகிராம் அல்ல, மில்லிகிராம். அந்தத் திருத்தத்தில் 10 மைக்ரோகிராம் நம்பகம் வேண்டுமானால் காற்றின் அடர்த்தி 46,000-இல் ஒரு பங்குக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஈரப்பதம், அழுத்தம், வெப்பநிலை, அறையில் நிற்பவர் விடும் மூச்சிலுள்ள கார்பன் டை ஆக்சைடு எல்லாம் கணக்கில் வரும். ஆகவே வெற்றிடத்தில் எடை போடுகிறார்கள். அங்கே மிதப்புவிசை இல்லை. ஆனால் காற்றில் இருந்தபோது ஒட்டியிருந்த நீர் மூலக்கூறுகளும் உதிர்ந்துவிடுகின்றன. எவ்வளவு உதிர்ந்தது என்று அறிய, ஒரே நிறையும் வெவ்வேறு மேற்பரப்பும் கொண்ட துணைக் கட்டைகளை வைத்துத் தனியாகக் கணக்கிட வேண்டும். இத்தனைக்குப் பிறகும், நிறையளவீட்டின் நிச்சயமின்மை சில மைக்ரோகிராமில் அடங்கிவிடுகிறது. இந்தப் பகுதியில் உருண்டைக் குழுவினருக்கு வந்த பெரிய அதிர்ச்சி வெளியிலிருந்து வந்தது: 2014-இல் பாரிஸ் மூல உருளையை வெளியே எடுத்து ஒப்பிட்டபோது, சர்வதேச எடை அளவைகள் நிலையம் நாள்தோறும் பயன்படுத்திவந்த கட்டைகளின் அளவு மூலத்திலிருந்து 35 மைக்ரோகிராம் விலகியிருந்தது தெரிந்தது. உருண்டையின் 2011 முடிவையும் அதற்கேற்பத் திருத்த வேண்டியதாயிற்று. பழைய கிலோகிராமை மாற்ற வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல வாதம் யாராலும் தயாரித்திருக்க முடியாது.

கன அளவின் கதை வேறு. உருண்டையை நீரில் மூழ்கடித்து அளக்கும் காலமெல்லாம் போய்விட்டது, ஒளியால் அளக்கிறார்கள். எதிரெதிரே இரண்டு ஒளியியல் பரப்புகள், நடுவே உருண்டை. முதலில் உருண்டை இல்லாமல் இரு பரப்புகளுக்கும் இடைப்பட்ட தூரத்தை லேசர் குறுக்கீட்டால் அளக்க வேண்டும். பிறகு உருண்டையை உள்ளே வைத்து இருபுறமும் மிஞ்சும் இடைவெளிகளை அளந்து கழித்தால் விட்டம். ஜெர்மனியின் பிராவுன்ஷ்வைக்கில் உள்ள பி.டி.பி. நிறுவனமும் ஜப்பானின் ட்சுகுபாவில் உள்ள என்.எம்.ஐ.ஜே.யும் இதை இரு விதமாகச் செய்கின்றன. ஜெர்மானியர்கள் கோள வடிவ ஒளி அலைகளை உருண்டையின் மீது பாய்ச்சுகிறார்கள். உருண்டையின் வளைவும் ஒளியின் வளைவும் பொருந்துவதால், ஒரே பார்வையில் பல்லாயிரம் விட்டங்கள் கேமராவில் பதிகின்றன. ஜப்பானியர்கள் தட்டையான பரப்புகளை வைத்து, லேசரின் அதிர்வெண்ணை மாற்றி மாற்றி, உருண்டையைத் திருப்பித் திருப்பி, திசை திசையாக அளக்கிறார்கள். ஒன்று விரிவு, மற்றது நிதானம். இரண்டும் ஒரே உருண்டைக்கு ஒத்த விடை தருகின்றன என்பதுதான் கன அளவின் மீது எனக்கு நம்பிக்கை தரும் முதல் சாட்சி. ஒளியியல் அமைப்பு வேறாக இருப்பதால், ஒருவர் கருவியின் குறை மற்றவர் கருவியில் அப்படியே தோன்ற வாய்ப்பு குறைவு.

இதற்கிடையில் இயற்பியல் சும்மா இருப்பதில்லை. வெப்பநிலை ஒரு மில்லிகெல்வின் ஏறினால் உருண்டை பருத்து, அந்தப் பருமன் 7.7 மைக்ரோகிராமுக்கு ஈடாகிறது. காற்றிலிருந்து வெற்றிடத்துக்கு மாற்றினால், சுற்றியிருந்த காற்றழுத்தம் நீங்கியதாலேயே விட்டம் 32 நானோமீட்டர் வளர்கிறது. இதன் விலை ஏறக்குறைய 1,000 மைக்ரோகிராம். திருத்தம் தெரிந்ததுதான், ஆனால் படிகத்தின் அணு இடைவெளியும் உருண்டையின் விட்டமும் ஒரே வெப்பநிலைக்கும் ஒரே அழுத்தத்துக்கும் உரியனவாக இருந்தாக வேண்டும். இல்லையென்றால் மேலே சொன்ன வகுத்தல் அர்த்தமிழக்கும்.

‘உலகிலேயே மிக உருண்டையான பொருள்’ என்று பத்திரிகைகள் இதைக் கொண்டாடின. கொண்டாட்டம் சரி, காரணம் பிழை. முதல் உருண்டைகளில் மிக மேடான இடத்துக்கும் மிகப் பள்ளமான இடத்துக்கும் வேறுபாடு 100 நானோமீட்டர் அளவுக்கு இருந்தது. படிகம் திசைக்குத் திசை கடினத்தில் வேறுபடுவதால் மெருகு சீராக ஏறாது, படிகத்தின் சமச்சீரே மேடுபள்ளமாக வெளிப்பட்டுவிடும். ஆனால் எல்லாத் திசைகளிலும் அளந்து சராசரி எடுத்தால், அந்த மேடுபள்ளம் கன அளவில் விளைவிக்கும் எஞ்சிய பிழை கணக்கில் எடுக்கவே தேவையில்லாத அளவு சிறியது. உருண்டை வடிவத்தைத் தேர்ந்ததற்கு உண்மையான காரணங்கள் எளியவை. உடைய மூலை கிடையாது. கன அளவைச் சொல்ல ஒரே ஒரு நீளம் போதும். மேற்பரப்பு மட்டும் சரியாக இருக்க வேண்டும், ஏனெனில் சாய்வு மாறும் இடத்தில் ஒளி ஏமாற்றும். கன அளவுதான் இந்த வழியின் கழுத்து நெரிபடும் இடம்: நிச்சயமின்மையில் அதன் பங்கு பெரியது, அணு இடைவெளி, மோல் நிறை ஆகியவற்றின் பங்கு அதற்குக் கீழே.

தோல்

உருண்டை வழியில் என்னை மிகவும் கவர்ந்த பகுதி அதன் மேற்பரப்பு. சிலிக்கான் காற்றில் பட்டவுடன் ஆக்சைடாகும். சில நானோமீட்டர் தடிமனுள்ள கண்ணாடி போன்ற தோல் அது. ஒரு நானோமீட்டர் தோலின் நிறை சுமார் 60 மைக்ரோகிராம். அந்தத் தோலிலுள்ள அணுக்கள் படிக வரிசையில் இல்லாததால் எண்ணிக்கையில் சேர்க்கக் கூடாது. அதற்கு மேல் நீர்ப்படலம், அதற்கு மேல் கார்பன் அழுக்கு. நிறை அளக்கும்போது இவை எல்லாம் சேர்ந்தே எடையில் விழுகின்றன. ஒளியால் அளக்கும்போது தோலின் தடிமன் ஒளியின் கட்டத்தை மாற்றி விட்டத்தைப் பொய்யாகக் காட்டுகிறது. ஒரே படலம் நிறையையும் ஏமாற்றுகிறது, கன அளவையும் ஏமாற்றுகிறது, அதுவும் வெவ்வேறு அளவில். எக்ஸ் கதிர் ஒளிர்வு, ஒளிமின் நிறமாலை, நீள்வட்டமுனைவு அளவீடு என மூன்று நான்கு முறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துத் தோலின் கனத்தைத் தீர்மானிக்கிறார்கள்.

2011 முடிவில் ஒரு சங்கடம் இருந்தது. மெருகேற்றிய உருண்டைகளின் மேற்பரப்பில் செம்பும் நிக்கலும் சேர்ந்த படலம் இருந்ததை எக்ஸ் கதிர் காட்டிக்கொடுத்தது. எங்கோ ஓரிடத்தில் மெருகேற்றும்போது கலந்துவிட்ட மாசு. அதற்குத் திருத்தம் போட்டுத்தான் முடிவை வெளியிட்டார்கள், பிறகு உருண்டைகளை அரித்து மீண்டும் மெருகேற்றினார்கள். இந்தச் சம்பவம் உருண்டையின் பலவீனத்தைக் காட்டுகிறது என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. மாசு ஒரு பொருளாகக் கண்ணுக்குச் சிக்கியது, எத்தனை மைக்ரோகிராம் என்று எழுதி வைக்க முடிந்தது, அகற்ற முடிந்தது. உருண்டையில் பிழை என்பது பொதுவாகப் பொருள்தான். காணாமல் போன அணுக்கள், புகுந்துவிட்ட கார்பன், ஆக்சிஜன், போரான்: ஒவ்வொன்றையும் அகச்சிவப்பு நிறமாலையில் தேடிப் பட்டியல் போடலாம்.

மின்சாரத்தோடு நேருக்கு நேர்

தராசின் பக்கம் போனால் பிழையின் குணமே மாறிவிடுகிறது.

பிரித்தானியத் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில், லண்டனை அடுத்த டெடிங்டனில், 1975-இல் பிரையன் கிபிள் முன்வைத்த யோசனை இது. காந்தப் புலத்தில் தொங்கும் கம்பிச் சுருளில் மின்னோட்டம் செலுத்தினால் விசை தோன்றும். அந்த விசையால் ஒரு கட்டையின் எடையைச் சமன்செய்யலாம். இது பழைய கருத்து. அதன் நோய், சுருளின் வடிவத்தையும் காந்தப் புலத்தையும் அந்த அளவு துல்லியமாக அறிய முடியாது என்பது. கிபிளின் தந்திரம், அந்த இரண்டையும் அறியாமலேயே தப்பிப்பது. முதலில் எடையைச் சமன்செய்து மின்னோட்டத்தைக் குறித்துக்கொள்கிறார். பிறகு கட்டையை எடுத்துவிட்டு, அதே சுருளை அதே புலத்தில் தெரிந்த வேகத்தில் நகர்த்தி, அதில் தோன்றும் மின்னழுத்தத்தைக் குறிக்கிறார். புலமும் கம்பியின் நீளமும் இரண்டு சமன்பாட்டிலும் ஒரே மாதிரி வருவதால் வகுத்தால் ஓடிவிடும். மீதி நிற்பது: நிறை, ஈர்ப்பு முடுக்கம், வேகம் ஆகியவற்றின் பெருக்கம் = மின்னழுத்தம், மின்னோட்டம் ஆகியவற்றின் பெருக்கம். இரு பக்கமும் திறன் என்பதால் இதை வாட் தராசு என்றார்கள். 2016-இல் கிபிள் மறைந்தபின் அவர் பெயரைச் சூட்டினார்கள்.

மின்னழுத்தத்தை ஜோசப்சன் விளைவாலும், மின்னோட்டத்தை அறியத் தேவையான மின்தடையைக் குவாண்டம் ஹால் விளைவாலும் அளக்கிறார்கள். அந்த இரண்டிலும் பிளாங்க் மாறிலி இருப்பதால் நிறை நேரே பிளாங்க் மாறிலியோடு கட்டப்படுகிறது. ஒரு கிலோகிராம் கட்டை, நகரும் சுருள், ஒரு சில மில்லிஆம்பியர். அதிலிருந்து குவாண்டம் இயற்பியலின் அடிப்படை எண். இதன் அழகைப் புகழாமல் இருக்க முடியாது.

ஆனால் அழகுக்குக் கூலி உண்டு. ஈர்ப்பு முடுக்கத்தைக் கட்டை இருக்கும் இடத்திலேயே அறிய வேண்டும். ஒரு சென்டிமீட்டர் உயர்ந்தால் 3 மைக்ரோகிராம் மாறுகிறது. நிலவும் சூரியனும் இழுக்கும் இழுப்பில் அந்த முடுக்கம் ஒரே நாளுக்குள் 200 மைக்ரோகிராமுக்கு ஈடான அளவுகூட ஏறி இறங்கும். தராசின் சொந்தக் காந்தமே கட்டையைத் தன் நிறையால் இழுக்கிறது. சுருள் செங்குத்தாக நகர வேண்டும். அணுவளவு பக்கவாட்டில் சாய்ந்தால் வேண்டாத விசை நுழைந்துவிடும். இந்தப் பிழைகளில் எதுவும் பொருளல்ல. எல்லாம் சாய்வு, கால ஒழுங்கு, அதிர்வு. மறுநாள் அதே தராசில் எல்லாவற்றையும் புதிதாகச் சரிசெய்ய வேண்டியிருக்கும். கிபிளின் கருவியைப் பிரித்தானியர் 2009-இல் கனடாவின் தேசிய ஆய்வு மன்றத்துக்கு அனுப்பியபோது நேர்ந்தது இதற்கு நல்ல சான்று. கட்டையை ஏற்றி இறக்கும்போது சுமை மாறுவதால் அமைப்பு நுண்ணளவில் அசைந்துகொடுத்தது என்பதைக் கண்டுபிடித்ததும், அதற்காக நிச்சயமின்மையை உயர்த்தினார்கள். அந்த மன்றம் இருக்கும் ஒட்டாவாவில் அதைச் சரிசெய்தபின், 2017-இல் அதே தராசுதான் 9 மைக்ரோகிராம் என்ற, அன்றைய மிகக் குறைந்த நிச்சயமின்மையை எட்டியது. பிழையைச் செய்ததும் வென்றதும் ஒரே இயந்திரம்.

2011-இல் உருண்டைக் குழுவின் மதிப்புக்கும், அமெரிக்காவின் நிஸ்ட் நிறுவனம் 2007-இல் வெளியிட்டிருந்த தராசு மதிப்புக்கும் இடையே சுமார் 170 மைக்ரோகிராம் இடைவெளி இருந்தது. இரு தரப்பும் சொல்லியிருந்த நிச்சயமின்மைகளுக்குள் அது அடங்கவில்லை. யாரைக் குற்றம் சொல்வது? உருண்டையில் குற்றம் இருந்தால், அதே உருண்டையை யாரும் திரும்பிப்போய்ப் பார்க்கலாம். தராசில் குற்றம் இருந்தால், அந்த வேலைநாளை மீண்டும் உருவாக்க முடியாது. வேறொரு தராசைக் கட்டிப் பார்க்கத்தான் முடியும். நிஸ்ட் அதைத்தான் செய்தது: நான்காம் தலைமுறைத் தராசைக் கட்டி, 2017-இல் 13 மைக்ரோகிராம் நிச்சயமின்மையோடு புதிய மதிப்பைச் சொன்னது.

அதே 2017-இல் உருண்டைக் குழுவும் மேலும் தூய்மையான, 99.998 சதவீதம் சிலிக்கான்-28 உள்ள புதுப் படிகத்திலிருந்து 12 மைக்ரோகிராம் நிச்சயமின்மையோடு மதிப்பு தந்தது. மேலோட்டமாகப் பார்த்தால் இரு வழிகளும் ஒரே இடத்துக்கு வந்துவிட்டன. உற்றுப் பார்த்தால் இன்னும் முழுவதும் சேரவில்லை: மாறிலிகளுக்கு இறுதி மதிப்பு தீர்மானித்தபோது, தரவுகளின் நிச்சயமின்மைகள் எல்லாவற்றையும் 1.7 மடங்கு விரித்த பிறகே அவை ஒன்றோடொன்று ஒத்துவந்தன. இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. அளவையியலில் நேர்மை என்பது இப்படித்தான் தோற்றமளிக்கும்.

யார் பெயரில் வரையறை?

வரையறையை அவகாட்ரோ மாறிலியில் எழுதுவதா, பிளாங்க் மாறிலியில் எழுதுவதா என்ற விவாதத்தில், அவகாட்ரோவை ஆதரித்தவர்கள் குறைவானவர்கள் அல்லர். எண்ணிக்கை என்பது எவருக்கும் புரியும். பிளாங்க் மாறிலியைப் பள்ளி மாணவருக்கு விளக்குவது எளிதல்ல. எனினும் 2018 நவம்பர் 16 அன்று வெர்சாயில் கூடிய பொது மாநாடு பிளாங்க் மாறிலியை 6.62607015 × 10⁻³⁴ ஜூல்-வினாடி என்று நிலைநிறுத்தியது. அது 2019 மே 20 முதல் நடைமுறைக்கு வந்தது. அவகாட்ரோ மாறிலியும் 6.02214076 × 10²³ என்று தனியே நிலைநிறுத்தப்பட்டது. மின்னியல் அலகுகள் 1990 முதல் சர்வதேச அலகு முறைக்கு வெளியே தனி ஒப்பந்த எண்களால் ஓடிக்கொண்டிருந்தன. பிளாங்க் மாறிலியையும் எலெக்ட்ரான் மின்னூட்டத்தையும் பூட்டியதும் அவை உள்ளே வந்துவிட்டன. அந்த ஆதாயம் தனியாகவே இந்தத் தேர்வை நியாயப்படுத்துகிறது என்பது என் கருத்து.

இதனால் உருண்டை தோற்றது என்று எண்ணுவது தவறு. பிளாங்க் மாறிலியையும் அவகாட்ரோ மாறிலியையும் பெருக்கினால் வரும் எண்ணை, ரிட்பெர்க் மாறிலி, நுண்கட்டமைப்பு மாறிலி, எலெக்ட்ரானின் சார்பு அணுநிறை ஆகியவற்றால், நூறு கோடியில் ஒரு பங்கைவிட நுண்ணியதாகச் சொல்லிவிட முடியும். ஒன்றைச் சொன்னால் மற்றது வந்துவிடும். மின்சாரத்தைத் தொடாமலேயே, உருண்டையின் எண்ணிக்கையிலிருந்து பிளாங்க் மாறிலி கிடைக்கிறது. 2019-க்குப் பிறகு கேள்வி தலைகீழாகிவிட்டது: இப்போது மாறிலி தெரியும், நிறை தெரிய வேண்டும். இரண்டு வழிகளும் இதற்கும் உதவுகின்றன.

இங்கேதான் வேறுபாடு தெளிவாகிறது. உருண்டைக்கு அணு இடைவெளியும் மோல் நிறையும் ஒரு படிகத்துக்கு ஒருமுறை அளந்தால் போதும். அதன்பின் கன அளவையும் தோலையும் மட்டும் அவ்வப்போது சரிபார்த்தால் ஒரு கிலோகிராம் தயார். தராசை ஒவ்வொரு முறையும் முழுமையாக ஓட்ட வேண்டும். மறுபுறம், தராசுக்கு ஒரு கிலோகிராம் என்ற கட்டாயம் இல்லை. கிராமுக்கும் மில்லிகிராமுக்கும் அதே தத்துவம் பொருந்தும். உருண்டையைச் சிறிதாக்கினால் தோலின் பங்கு பெருகி அதன் ஆதாயம் கரைந்துவிடும். தராசைப் பரவலாக்கவும் முடியும்: நிஸ்ட் குழுவினர் 2015-இல் லெகோ கட்டைகளால் ஒரு கிபிள் தராசைக் கட்டி, ஒரு சதவீதத் துல்லியத்தில் பிளாங்க் மாறிலியை அளந்து காட்டினார்கள். லெகோவில் சிலிக்கான் உருண்டை செய்ய முடியாது. ஜனநாயகம் என்று சொன்னால் தராசுக்குத்தான் வாக்கு விழும். ஆனால் ஓர் ஆய்வகத்தில் கிலோகிராமைப் பத்தாண்டுக்கு நிலையாக வைத்திருக்க வேண்டும் என்றால், நான் உருண்டையையே நம்புவேன். அதன் பிழைகள் வயதுக்கேற்ப வளரக்கூடியவை, ஆனால் அளக்கத் தெரிந்தவை.

இத்தனைக்கும் பிறகு, எந்த ஆய்வகமும் தன் தராசையோ உருண்டையையோ மட்டும் காட்டி “இதுதான் கிலோகிராம்” என்று உலகுக்கு வழங்கும் நிலை வரவில்லை. 2019-இல் நடந்த முதல் ஒப்பீட்டில் ஏழு நிறுவனங்கள் கலந்துகொண்டன: தராசு வழியில் சர்வதேச நிலையமும், தென்கொரியா, சீனா, அமெரிக்கா, கனடா நாடுகளின் நிறுவனங்களும், உருண்டை வழியில் ஜப்பானும் ஜெர்மனியும். எதிர்பார்த்த அளவுக்கு முடிவுகள் ஒன்றோடொன்று நெருங்கவில்லை. ஆகவே ‘ஒப்புக்கொண்ட மதிப்பு’ என்ற ஏற்பாடு வந்தது: பழைய பாரிஸ் உருளையின் நிறை இன்று இவ்வளவு என்று எல்லாரும் சேர்ந்து ஒப்புக்கொள்கிறார்கள், நாடுகள் அதன்படி தங்கள் கட்டைகளைத் திருத்திக்கொள்கின்றன. 2021 பிப்ரவரியில் அது ஒரு கிலோகிராமுக்கு 2 மைக்ரோகிராம் குறைவு என்று வைக்கப்பட்டது. 2023 மார்ச்சில் அது 7 மைக்ரோகிராம் குறைவு என்று மாற்றப்பட்டது. நிச்சயமின்மை இரண்டுக்கும் 20 மைக்ரோகிராம். மறைந்துவிட்டதாக நாம் நினைத்த உருளையே இன்றும் நடுவில் நின்று பஞ்சாயத்துக்கு ஆதாரமாகிறது.

இதில் உருண்டைத் தரப்புக்கு ஒரு கடன் பாக்கி இருக்கிறது. ஜப்பானும் ஜெர்மனியும் கன அளவைத் தனித்தனியே அளக்கின்றன. ஆனால் அவை பயன்படுத்தும் படிகங்களும், அணு இடைவெளியும், மோல் நிறையும் பெரும்பாலும் பொதுவானவை. அந்த அணு இடைவெளி இத்தாலியின் டூரினில் அளக்கப்பட்டது; அதில் ஒரு பிழை ஒளிந்திருந்தால், இரு நாடுகளும் ஒரே திசையில் ஒரே அளவு விலகும். அந்த விலகல் ஒற்றுமையாகத் தோன்றி நம்பிக்கையையும் கூட்டிவிடும். தராசுகள் வெவ்வேறு காந்தம், வெவ்வேறு சுருள், வெவ்வேறு ஈர்ப்பு அளவீடு என்று கட்டப்பட்டுள்ளதால் அந்த ஆபத்து அங்கே குறைவு. வெவ்வேறு தொகுப்புகளில் வளர்த்த செறிவூட்டிய படிகங்களை, வெவ்வேறு ஆய்வகங்கள் தொடக்கத்திலிருந்து தனித்தனியே அளந்து ஒத்த விடை தருவதுதான் இதற்குத் தீர்வு. பி.டி.பி. தொடர்ந்து புதுப் படிகங்களை வளர்ப்பித்து உருண்டைகள் செய்துவருகிறது. எக்ஸ் கதிர்க் குறுக்கீட்டு அளவீட்டைத் தாமே தொடங்க வேறு ஆய்வகங்கள் முன்வந்தால், உருண்டைகளின் வாக்குகளைத் தனித்தனியே எண்ணலாம்.